அப்பா அம்மா தொழில் கார்டை வச்சு பிள்ளை படிப்புக்கு உதவித்தொகை வாங்குறது எப்படி

மார்க் பார்த்து குடுக்குற ஸ்காலர்ஷிப், சாதி சான்றிதழ் பார்த்து குடுக்குற ஸ்காலர்ஷிப் இதெல்லாம் ஸ்கூல்லயே சொல்லி ஃபார்ம் குடுத்துடுறாங்க. ஆனா அப்பாவோ அம்மாவோ ஒரு தொழில்ல இருக்காங்க, ஒரு நலவாரியத்துல பதிஞ்சிருக்காங்க, ஒரு சங்கத்துல உறுப்பினரா இருக்காங்க அப்படிங்கிறதுக்காகவே பிள்ளைக்கு கிடைக்கிற உதவித்தொகை இருக்கு, அதை பத்தி ஸ்கூல்லயும் பெருசா பேச மாட்டாங்க, காலேஜ்லயும் பேச மாட்டாங்க, ஏன்னா அது பிள்ளையோட பேப்பர்ல இல்ல, அப்பா அம்மாவோட கார்டுல இருக்கு. கொத்தனார் வீட்டு பிள்ளை, பீடி சுத்துற அம்மாவோட பிள்ளை, ஆட்டோ ஓட்டுறவர் பிள்ளை, ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நிக்கிற அக்காவோட பிள்ளை, இவங்க எல்லாருக்கும் தனித்தனியா ஒரு வழி இருக்கு. எங்க பக்கத்துல இதுக்கு அப்ளிகேஷன் போட நான் நிறைய பேருக்கு கூட உக்காந்து உதவி பண்ணிட்டு இருக்கேன், அதனால எங்க எங்க மாட்டும், எதை முன்னாடியே சரி பண்ணி வைக்கணும்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, இந்த மாதிரி உதவித்தொகைக்கு பிள்ளையோட மார்க்ஷீட்டை தேடுறதுக்கு முன்னாடி பெத்தவங்களோட கார்டை எடுத்து பாருங்க. கார்டு உயிரோட இருக்கா, தேதி முடிஞ்சிடுச்சா, பேர் ஆதார்ல இருக்குற மாதிரியே இருக்கா, பிள்ளை பேர் குடும்ப விவரத்துல ஏறியிருக்கா. இந்த நாலும் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. நான் பார்த்த வரைக்கும் ரிஜெக்ட் ஆகுற அப்ளிகேஷன் பெரும்பாலும் இங்கதான் விழுது, மார்க் கம்மின்னு விழுறது அபூர்வம்.

நலவாரிய கார்டு இருக்குறவங்களுக்கு

தமிழ்நாட்டுல கட்டுமான தொழிலாளர் நலவாரியம் 1994ல வந்துச்சு, அதுக்கு அடிப்படை 1982ஆம் வருஷத்து உடலுழைப்பு தொழிலாளர் சட்டம். அப்புறம் ஒவ்வொண்ணா ஆட்டோ டாக்சி ஓட்டுநர், தையல், சலவை, முடி திருத்துறவங்க, கைத்தறி, விசைத்தறி, பொற்கொல்லர், மண்பாண்டம், வீட்டு வேலை, சமையல் வேலை, தெரு வியாபாரம்னு தனித்தனி வாரியம் வந்துச்சு, 2023 கடைசியில சொமேட்டோ ஸ்விக்கி மாதிரி ஆப்ல ஓடுற கிக் தொழிலாளர்களுக்கும் ஒரு வாரியம் போட்டாங்க. 18 வயசுல இருந்து 60 வயசுக்குள்ள இருக்குறவங்க பதியலாம். பதிவுக்கும் புதுப்பிக்கிறதுக்கும் அரசாங்கத்துக்கு கட்டணம் எதுவும் இல்ல, 2006ல இருந்தே இல்ல. யாராச்சும் வாரிய ஃபீஸ்னு சொல்லி காசு கேட்டா அது வாரியத்துக்கு போற காசு இல்ல. தொழிற்சங்கத்துல சந்தா வாங்குவாங்க, அது சங்கத்துக்கு, அது வேற விஷயம், அதுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கோங்க.

இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு. இ-ஷ்ரம் கார்டை கையில வச்சுக்கிட்டு "எங்கிட்ட நலவாரிய கார்டு இருக்கு"ன்னு சொல்றவங்க ரொம்ப பேர். இ-ஷ்ரம் 2021ல மத்திய அரசு ஆரம்பிச்ச பதிவு, அது அமைப்புசாரா தொழிலாளர் விவரத்தை சேர்க்கிற லிஸ்ட். அதை வச்சு தமிழ்நாடு வாரியத்துல கல்வி உதவி கேட்க முடியாது. வாரிய கார்டுல வாரியத்தோட பேர், பதிவு எண், பதிவு தேதி, எது வரைக்கும் செல்லும்ங்கிற தேதி எல்லாம் இருக்கும். அது இல்லன்னா முதல்ல பதிவு பண்ணணும், அதுக்கு பணிச்சான்று வேணும், விஏஓ கிட்டயோ வேலை குடுக்குறவர் கிட்டயோ பதிவு பெற்ற தொழிற்சங்கத்து கிட்டயோ வாங்கலாம்.

கல்வி உதவி யாருக்குன்னா, பொண்ணு பத்தாவது, பதினொண்ணாவது, பன்னெண்டாவது படிச்சிட்டு இருந்தாலே கேட்கலாம், பையனோ பொண்ணோ பத்தாவது பாஸ், பன்னெண்டாவது பாஸ் ஆனா அதுக்கு தனி, அப்புறம் ஐடிஐ, பாலிடெக்னிக், டிகிரி, முதுநிலை, இன்ஜினியரிங் மெடிக்கல் மாதிரி தொழிற்படிப்பு எல்லாத்துக்கும் உண்டு. ஹாஸ்டல்ல தங்கி படிச்சா தொகை கூட. இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, பிள்ளை ஹாஸ்டல்ல இருக்கும், ஆனா போனஃபைடு, அதாவது இங்க படிக்கிறாங்கன்னு குடுக்குற படிப்பு சான்று, வாங்கும்போது ஹாஸ்டல்னு ஒரு வரி எழுதி வாங்காம வந்துடுவாங்க, கம்மி தொகைதான் வரும். ஸ்கூல்லயோ காலேஜ்லயோ படிப்பு சான்று கேட்கும்போதே எந்த கோர்ஸ், எத்தனாவது வருஷம், எந்த கல்வியாண்டு, விடுதியா வீட்டுல இருந்தா எல்லாத்தையும் போட்டு குடுங்கன்னு கேளுங்க. ரெண்டாவது தடவை ஆபீஸ் ரூம் வாசல்ல நிக்க வேண்டாம்.

அப்ளை பண்றது இப்போ முழுக்க ஆன்லைன்தான், அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்தோட தமிழ்நாடு அரசு தளத்துல, பதிவு எண்ணும் ஆதாரோட சேர்ந்த மொபைல் நம்பரும் இருந்தா உள்ள போகலாம், ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். பழைய கார்டுல பழைய நம்பர் குடுத்திருப்பாங்க, அந்த சிம் எப்பவோ செத்திருக்கும். அப்படின்னா முதல்ல மாவட்டத்துல இருக்குற தொழிலாளர் உதவி ஆணையர், சமூக பாதுகாப்புத் திட்டம்னு போர்டு போட்டிருக்கும் பாருங்க, அந்த ஆபீஸுக்கு ஒரிஜினல் கார்டு, ஆதார், ரேஷன் கார்டு எடுத்துட்டு போய் நம்பரை மாத்திட்டு வாங்க, அதுக்கப்புறம் மத்தது. ஸ்கேன் பண்றதுக்கு கார்டு, மார்க்ஷீட், படிப்பு சான்று, ரேஷன் கார்டு, உறுப்பினரோட பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் வேணும். ஃபோட்டோ எடுத்து போட்டா மங்கலா விழுந்து திருப்பி அனுப்பிடுவாங்க, பத்து இருபது ரூபா போனாலும் பரவால்ல, கடையில குடுத்து நல்லா ஸ்கேன் பண்ணுங்க.

கார்டு தேதி முடிஞ்சிருந்தா கல்வி உதவி அப்ளிகேஷனை தொடாதீங்க, முதல்ல புதுப்பிச்சுட்டு அது அப்ரூவ் ஆனதுக்கு அப்புறம் போடுங்க. ரிசல்ட் வர்ற மே மாசத்துல எல்லாரும் ஒரே நேரத்துல புதுப்பிக்க ஓடுவாங்க, அதனால பிள்ளை பப்ளிக் எக்ஸாம் எழுதப் போற வருஷம்னா ஜனவரி பிப்ரவரியிலேயே கார்டை பார்த்துடுறது நல்லது. இன்னொண்ணு, இது ஒரு தடவை போட்டா படிப்பு முடியிற வரைக்கும் தானா வர்றது கிடையாது, டிகிரி மூணு வருஷம்னா மூணு வருஷமும் தனித்தனியா போடணும். முதல் வருஷம் வாங்கிட்டு அடுத்த ரெண்டு வருஷம் விட்டுட்ட வீடு எங்க தெருவுலயே இருக்கு, மனசுக்கு கஷ்டமா இருக்கும் அதை பார்க்கும்போது.

இது யாரும் போடுற பிச்சை இல்ல, அதை சொல்லியே ஆகணும். கட்டிடம் கட்டும்போது கட்டுமான செலவுல 1 சதவீதம் தொழிலாளர் நலநிதின்னு வசூல் பண்றாங்க, அந்த காசுலதான் கட்டுமான வாரியம் ஓடுது. வெயில்ல நின்னு சாந்து சட்டி தூக்குனவங்க பேர்ல வந்த காசு அவங்க பிள்ளைக்கு போறது நியாயம், ஆபீஸ்ல போய் நிமிர்ந்து நின்னு கேளுங்க.

பீடி சுத்துற வீடுகளுக்கு

இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா தொகை பெருசு, சிக்கலும் பெருசு. ஆலங்குளம், கடையம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம், அந்தப் பக்கம் குடியாத்தம் பேரணாம்பட்டு பக்கம் எல்லாம் வீட்டுக்கு வீடு அம்மா மடியில முறத்தை வச்சு பீடி சுத்தித்தான் பிள்ளைங்களை படிக்க வைக்கிறாங்க. 1976ல பீடி தொழிலாளர் நலநிதி சட்டம் வந்துச்சு, பீடிக்கு செஸ்னு ஒரு தனி வரி போட்டு அந்த நிதியில ஆஸ்பத்திரி, வீடு, கல்வி உதவி எல்லாம் குடுத்தாங்க. 2017ல ஜிஎஸ்டி வந்தப்போ செஸ்ஸை எடுத்துட்டாங்க, அதோட ஸ்காலர்ஷிப்பும் போச்சுன்னு நினைச்சு அப்ளை பண்றதையே விட்டவங்க இருக்காங்க. அது போகல, மத்திய தொழிலாளர் அமைச்சகம் பட்ஜெட்ல இருந்து குடுத்துட்டு இருக்கு, நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் வழியாத்தான் அப்ளிகேஷன்.

தொகை வருஷத்துக்கு இப்படி: ஒண்ணுல இருந்து நாலாவது வரைக்கும் 1,000 ரூபா, அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் 1,500, ஒம்பது பத்து 2,000, பதினொண்ணு பன்னெண்டு 3,000, ஐடிஐ பாலிடெக்னிக் டிகிரிக்கு 6,000, பி.இ, எம்.பி.பி.எஸ், எம்.பி.ஏ மாதிரி தொழிற்படிப்புக்கு 25,000. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்கு நாலு வருஷமும் ஒழுங்கா வாங்குனா ஒரு லட்சம். பீடி சுத்துற கூலிக்கு அது எவ்வளவு பெரிய காசுன்னு அந்த வீட்டுல இருக்குறவங்களுக்குத்தான் தெரியும்.

தகுதி என்னன்னா அம்மாவோ அப்பாவோ குறைஞ்சது ஆறு மாசம் பீடி வேலையில இருந்திருக்கணும், அடையாள அட்டை இருக்கணும், வருமானம் வரம்புக்குள்ள இருக்கணும், பிள்ளை போன வருஷம் முதல் தடவையிலேயே பாஸ் ஆகியிருக்கணும், ரெகுலர் காலேஜ்ல படிக்கணும், அஞ்சல் வழி கோர்ஸுக்கு கிடையாது. வேற ஸ்காலர்ஷிப் வாங்கிட்டு இதையும் வாங்க முடியாது, அந்த போர்ட்டல்ல ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு ஒண்ணுதான். அதனால போர்ட்டல்ல உங்க பிள்ளைக்கு எது எது காட்டுதோ எல்லாத்தோட தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி பார்த்துட்டு எது கூடுதலோ அதை போடுங்க, அவசரத்துல முதல்ல கண்ணுல பட்டதை தட்டிட்டா அந்த வருஷம் அவ்வளவுதான். தமிழ்நாடு அரசோட புதுமைப் பெண் திட்டத்துல மாசம் வர்ற 1,000 ரூபா இந்தக் கணக்குல வராது, வேற உதவித்தொகை வாங்குற பொண்ணுங்களுக்கும் அது உண்டுன்னு அந்த திட்டத்துலயே சொல்லியிருக்காங்க.

இப்போ சிக்கலுக்கு வரேன். பீடி கார்டு பெரும்பாலும் அம்மா பேர்லதான் இருக்கும். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்த ஊர்ல, அங்க இருந்த பீடி கடையில, அவங்க அப்பா இனிஷியலோட எடுத்த கார்டு. ஆதார்ல வீட்டுக்காரர் பேர். பிள்ளையோட டிசியில அம்மா பேர் இன்னொரு மாதிரி, ஒண்ணுல மாரியம்மாள், ஒண்ணுல மாரி, ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, ஒண்ணுல பின்னாடி. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான், ஆனா சரிபார்க்கிறவங்க மேஜையில நாலு ஆள். இதுக்கு வழி, கார்டை மாத்துறதுதான். கம்பெனி கிட்டயோ, மத்திய தொழிலாளர் நல அமைப்போட மருந்தகம் உங்க பக்கத்துல இருக்கும், அங்கயோ போய் கல்யாணம் ஆனதுக்கான ஆதாரம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வச்சு பேரையும் முகவரியையும் திருத்திக் குடுங்கன்னு கேளுங்க, குடும்ப விவரத்துல பிள்ளைங்க பேரையும் அதே நேரத்துல சேர்த்துடுங்க. இதை ஜூன் மாசம் வரைக்கும் தள்ளாதீங்க, பங்குனி சித்திரையில நேரம் கிடைக்கும்போதே முடிச்சுடுங்க. முக்கூடல் பக்கம் இருக்குறவங்களுக்கு பீடி தொழிலாளர் ஆஸ்பத்திரியே அங்க இருக்கு, விசாரிக்க அது வசதியான இடம்.

கம்பெனியில கார்டு தர மாட்டேங்கிறாங்க, இழுத்தடிக்கிறாங்கன்னா உங்க ஊர் பீடி தொழிலாளர் சங்கத்துல போய் சொல்லுங்க. பாஸ்புக், பிஎஃப் பிடிச்ச விவரம், இலை தூள் வாங்குன சீட்டு, கையில என்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க. அடையாள அட்டை குடுக்க வேண்டியது முதலாளியோட கடமை, சலுகை இல்ல. ஒருத்தர் தனியா போய் கேட்டா நாளைக்கு வா, அடுத்த வாரம் வான்னு ஓட்டிடுவாங்க, சங்கம் மூலமா நாலு பேரா போனா நடக்கும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

போர்ட்டல்ல இப்போ முதல்ல ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணணும், அதை ஓடிஆர்னு சொல்றாங்க, பிள்ளையோட ஆதாரை வச்சு மொபைல்லயே முகத்தை காட்டி முடிச்சா 14 இலக்க நம்பர் ஒண்ணு வரும், அந்த நம்பர் படிப்பு முடியிற வரைக்கும் அதேதான், நோட்டு அட்டையில எழுதி வைங்க. முகம் காட்டுறதுக்கு ஓடிஆர் ஆப்போட ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் இருக்கணும், வெளிச்சம் முகத்துல விழுற மாதிரி வாசல்ல நின்னு பண்ணா சட்டுன்னு எடுக்கும். அதுக்கப்புறம் லாகின் பண்ணி கோர்ஸ், காலேஜ் எல்லாம் போடணும். காலேஜ் பேரை போர்ட்டல்ல தேடும்போது ஒரே மாதிரி பேர்ல ரெண்டு மூணு காட்டும், அதனால ஆபீஸ்ல கேட்டு சரியான கோடு நம்பரை வாங்கிட்டு வாங்க, அந்த நம்பருக்கு ஸ்கூல்ல யூடைஸ், காலேஜ்ல ஐஷே, ஐடிஐல என்சிவிடின்னு பேர். பெத்தவங்க தொழில்ங்கிற இடத்துல பீடின்னு சரியா தேர்ந்தெடுத்தாத்தான் இந்த திட்டம் லிஸ்ட்லயே காட்டும், அங்க "மற்றவை"ன்னு போட்டுட்டு திட்டம் வரலையேன்னு தேடிட்டு இருப்பாங்க.

சப்மிட் பண்ணதோட வேலை முடியல. அப்ளிகேஷன் முதல்ல உங்க ஸ்கூல் அல்லது காலேஜோட நோடல் ஆபீசர், அதாவது ஸ்காலர்ஷிப் வேலையை பார்க்குறவர், அவரோட லாகினுக்கு போகும், அவர் பார்த்து சரின்னு தட்டுனாத்தான் அடுத்த கட்டத்துக்கு, தொழிலாளர் நல அமைப்புக்கு போகும். அவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் வேலை, உங்க பிள்ளையோட அப்ளிகேஷன் அங்க தூங்கிட்டே கடைசி தேதி தாண்டிடும். அதனால பிரிண்ட் எடுத்து, கார்டு ஜெராக்ஸ், வருமான சான்று, மார்க்ஷீட் எல்லாம் பின் பண்ணி நேர்ல குடுத்து, ஒரு வாரம் கழிச்சு மரியாதையா ஒரு தடவை நினைவுபடுத்துங்க. போர்ட்டல் பொதுவா ஜூன் ஜூலை வாக்குல திறக்கும், பத்தாவது வரைக்கும் உள்ளது சீக்கிரம் மூடும், பதினொண்ணுக்கு மேல உள்ளது கொஞ்சம் தள்ளி மூடும், தேதி வருஷா வருஷம் மாறும், முகப்பு பக்கத்துலயே போட்டிருப்பாங்க. ஸ்டேட்டஸ்ல டிஃபெக்டிவ்னு காட்டுச்சுன்னா பயப்படாதீங்க, ரிஜெக்ட் இல்ல அது, எதையோ திருத்தச் சொல்றாங்க, ஆனா திருத்துறதுக்கும் கடைசி தேதி உண்டு, அதனால ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாச்சும் லாகின் பண்ணி பாருங்க.

காசு ஆதாரோட இணைஞ்ச அக்கவுண்டுக்குத்தான் வரும். பாஸ்புக்ல ஆதார் நம்பர் இருந்தா போதாது, என்பிசிஐ மேப்பிங் ஆகியிருக்கணும், அதாவது அரசு காசு நேரா வர்றதுக்கு அந்த அக்கவுண்டை ஆதாரோட இணைச்சிருக்கணும், பேங்க்ல "டிபிடிக்கு ஆதார் சீடிங் பண்ணுங்க"ன்னு கேட்டு ஃபார்ம் குடுக்கணும். ஆதார் தளத்துலயே எந்த பேங்க்ல இணைஞ்சிருக்குன்னு பார்த்துக்கலாம். எல்லாம் அப்ரூவ் ஆகி காசு மட்டும் வராம நிக்கிறதுக்கு இதுதான் பெரிய காரணம்.

கம்பெனி, கடை, மில்லுல சம்பளத்துக்கு இருக்குறவங்க

டிசம்பர் மாச சம்பள சீட்டை எடுத்து பாருங்க, எல்டபிள்யுஎஃப்னு 20 ரூபா பிடிச்சிருப்பாங்க. அது தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்துக்கு போற நிதி, 1972ஆம் வருஷத்து சட்டப்படி, முதலாளி 40, அரசு 20 சேர்த்து போடுவாங்க. இது மேல சொன்ன அமைப்புசாரா வாரியம் இல்ல, தனி, ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கு. சம்பளத்துல அந்த காசை பிடிச்சிருந்தா பிள்ளைக்கு கல்வி உதவித்தொகை, பப்ளிக் எக்ஸாம்ல நல்ல மார்க்குக்கு ஊக்கத்தொகை, புத்தக உதவி எல்லாம் கேட்கலாம், அதுவும் ஆன்லைன்தான். கம்பெனியில இருந்து நிதி கட்டுனதுக்கான உறுதி வேணும், ஹெச்ஆர் கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. சம்பள வரம்பு உண்டு, அதையும் தளத்துல பார்த்துக்கோங்க.

வியாபாரிகள் சங்கம், உரிமையாளர் சங்கம்

இதுக்கு போர்ட்டல் கிடையாது, விளம்பரமும் கிடையாது, ஆனா கிடைக்கிறது சுலபம். அரிசி ஆலை, லாரி, நகைக்கடை, அச்சகம், ஹோட்டல், பாத்திரக்கடைன்னு ஒவ்வொரு ஊர்லயும் சங்கம் இருக்கு, அதுல பல சங்கம் உறுப்பினர் பிள்ளைங்களுக்குன்னு ஒரு கல்வி நிதியோ அறக்கட்டளையோ வச்சிருப்பாங்க, ஆண்டு விழா மேடையில வச்சு செக் குடுப்பாங்க. சில சங்கத்துல உறுப்பினர் கடையில வேலை பார்க்குறவங்க பிள்ளைக்கும் உண்டு, ஆனா கடை முதலாளி ஒரு கடிதம் குடுத்தா மட்டும். அந்தக் கடிதத்தை கேட்கத் தயங்கியே நிறைய பேர் விட்டுடுறாங்க. அண்ணாச்சி கிட்ட போய் "பிள்ளை பன்னெண்டாவது முடிச்சிருக்கா, சங்கத்துல படிப்புக்கு உதவி இருக்காம்ல, நீங்க ஒரு லெட்டர் குடுத்தா நல்லா இருக்கும்"னு கேளுங்க, எனக்கு தெரிஞ்சு இதுக்கு முகம் சுளிச்ச முதலாளி கம்மி.

உறுப்பினரா இருந்தா சந்தா பாக்கி இல்லாம கட்டி ரசீதை எடுத்து வைங்க, பாக்கி இருக்குற ஆளோட பிள்ளை பேரை கமிட்டியில எடுத்து வைக்க செயலாளருக்கே சங்கடமா இருக்கும். ரிசல்ட் வந்த வாரத்துலயே செயலாளரை நேர்ல பாருங்க, தலைவரை விட செயலாளர் கிட்டதான் ஃபார்மும் கடைசி தேதியும் இருக்கும். ஃபார்ம் இல்லன்னு சொன்னா வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க, நீளமா எல்லாம் வேண்டாம்: உறுப்பினர் பேர், உறுப்பினர் எண், கடை முகவரி, எந்த வருஷத்துல இருந்து உறுப்பினர், பிள்ளை என்ன படிச்சு எவ்வளவு மார்க், எந்த காலேஜ்ல என்ன கோர்ஸ் சேர்ந்திருக்கு, இந்த வருஷம் ஃபீஸ் எவ்வளவு, அதுல எவ்வளவு கையில இல்ல. அந்த கடைசி வரிதான் முக்கியம். "குடும்ப சூழ்நிலை காரணமாக உதவ வேண்டுகிறேன்"னு பொதுவா எழுதுனா கமிட்டியில எல்லா லெட்டரும் ஒரே மாதிரி இருக்கும், "மொத்த ஃபீஸ் 62,000, கையில 40,000 இருக்கு, 22,000 தேவை"ன்னு எழுதுனா அவங்களால முடிவு எடுக்க முடியும். கீழ பிள்ளையும் கையெழுத்து போடட்டும். ஃபீஸ் ரசீது, அட்மிஷன் கடிதம், மார்க்ஷீட் ஜெராக்ஸ் கூட வைங்க.

செக் பிள்ளை பேர்லயா, காலேஜ் பேர்லயான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. காலேஜ் பேர்ல குடுக்குற சங்கம்னா ஃபீஸ் கடைசி தேதியை சொல்லி, அதுக்குள்ள கிடைக்குமான்னு பாருங்க, இல்லன்னா காலேஜ்ல "சங்கத்துல இருந்து உதவி வருது"ன்னு செயலாளர் கடிதத்தை காட்டி கொஞ்சம் தவணை கேட்கலாம், பெரும்பாலும் குடுப்பாங்க. விழாவுக்கு பிள்ளையை கூட்டிட்டு போங்க, வாங்குன அப்புறம் செமஸ்டர் ரிசல்ட் வரும்போது ஒரு ஜெராக்ஸ் கொண்டு போய் செயலாளர் கிட்ட குடுங்க, அடுத்த வருஷம் கமிட்டியில உங்க பிள்ளை பேரை அவரே எடுத்து வைப்பார்.

வாரியம், போர்ட்டல், சங்கம் எதுல போட்டாலும் ஒரே ஒரு பைல் வைங்க, அதுல அப்ளிகேஷன் நம்பர், ஓடிஆர் நம்பர், லாகின் பாஸ்வேர்டு, குடுத்த தேதி, காசு வந்த தேதி எல்லாம் ஒரு தாள்ல எழுதி முதல்ல வைங்க. அடுத்த வருஷம் ரினியூவல் போடும்போது போன வருஷ அப்ளிகேஷன் நம்பரைத்தான் கேட்கும், கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டவங்களுக்கு அந்த நம்பர் சென்டர்காரர் மெயில்லதான் இருக்கும், அதனால போட்ட அன்னைக்கே பிரிண்ட் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க.